முதல் வரியில் நின்ற அடைக்கலம்

1

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: அரிசி மண்டி முதலாளி, அவருக்குக் கணக்கு எழுதும் சங்கரலிங்கம் அண்ணாச்சி, மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி, ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த செண்பகம், அதே சென்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான். ஐந்து பேர். மானிட்டர் மேல் மஞ்சளில் பிடித்து வைத்திருந்த பிள்ளையாரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அன்றைய தகராறே அவரால்தான் வந்தது.

திருநெல்வேலி டவுணில், தேர் ஓடும் ரத வீதிகளில் ஒன்றில் இருந்தது அந்த மண்டி. மூட்டை தூக்குகிறவர்களுக்கு வாரக் கூலி போடச் செண்பகம் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில், சென்டருக்குப் புதிதாக வந்திருந்த கம்பைலரில். தொடங்கி வைக்கும் கௌரவம் அண்ணாச்சிக்கு. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"ஏலே முத்தையா, இதுல பிள்ளையார் சுழி எங்கன இருக்கு?"

இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆங்கில யூ எழுத்தைக் காட்டி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் போட்டார். அடுத்த வரியில் முதல் ஆளின் பெயரும் மூட்டைக் கணக்கும். கடைசி ஆள் வரை அடித்து முடித்து, கூலி போடச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். பெட்டி 'பீப்' என்று கத்தியது. திரை முழுக்கச் சிவப்பு. முதல் வரி தப்பு என்று ஆங்கிலத்தில் எழுதி, அப்படியே நின்றுவிட்டது.

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "என்னம்மா இது, முதல் போணியிலயே தப்புங்குது?"

"தப்புன்னா தப்புன்னு சொல்லணும்லா, முதலாளி. அதுக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் செண்பகம்.

"சாயங்காலம் சொல்லட்டும். கடை தொறந்ததும் சொல்லப்பிடாது. சரக்கு இல்லன்னாக்கூட நாங்க இல்லன்னு சொல்ல மாட்டோம், நாளைக்கு வரும்னுதான் சொல்லுவோம். இது என்னடான்னா வாயத் தொறந்ததும் அபசகுனமாப் பேசுது."

மேஸ்திரி சும்மா இருக்கவில்லை. "பிள்ளையாரையே நீரு யாருவேன்னு கேக்குது. எங்களை எங்க அடையாளம் தெரியப் போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள், செண்பகத்தைத் தவிர. அவள் அண்ணாச்சியை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, கோளாறைப் பிடித்துக்கொள்ளும் 'கேட்ச்' என்ற துண்டு ஒன்றை எழுதினாள். அடைப்புக்குள் மூன்று புள்ளி. அதற்குப் பின்னால் ஒரு ஜோடி வளைந்த அடைப்பு, உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டியபோது திரை வாய் திறக்கவில்லை. கூலிப் பட்டியல் சுத்தமாக வந்தது. சுழி இருந்த வரியை மட்டும் தாண்டிப் போயிருந்தது. அதில் ஆள் யாரும் இல்லாததால் எவருக்கும் நட்டமில்லை. முதலாளி அல்வா வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

செண்பகமும் நானும் டவுண் பஸ்ஸில் திரும்பினோம். ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது அவள் சொன்னாள்: "வாயைப் பொத்திட்டேன், முத்தையா. அது எனக்குப் பிடிக்கல."

எனக்குப் பிடித்திருந்தது. கத்தாத பெட்டி எனக்கு எப்போதும் பிடிக்கும்.

2

இதையெல்லாம் சார்ஜாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்து இரண்டாவது கோடை. செண்பகம் இப்போது என் மனைவி. பாளையங்கோட்டையில் எங்கள் மகளுடன் இருக்கிறாள்; இன்னமும் பாடம் நடத்துகிறாள். மண்டியில் கணக்கு எழுதிய சங்கரலிங்கம் அண்ணாச்சி எனக்கு முன்பே இங்கே வந்து, ஒரு கட்டட கான்ட்ராக்ட் கம்பெனியில் ஆட்களின் வேலை நேரத்தைக் குறிக்கும் டைம்கீப்பர் ஆகி, அதே கம்பெனிக்கு என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். விசா அவர் பேசி வாங்கியது. அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் எட்டாவதுக்கு மேல் தேறவில்லை. பரீட்சை என்றால் எனக்குப் பயம். ஒன்பதாவது கணக்குப் பரீட்சையன்று பாதி வழியில் திரும்பியவன் அப்புறம் பள்ளிக்கூடம் போகவில்லை. கவலைப்படுவது என் பிறவிக்குணம். அறையைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். என்னுடன் தங்கியிருக்கும் அண்ணாச்சி, "பூட்டு கழண்டு கைல வரப்போவுது பாரு" என்பார்.

ஊரில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள், அங்கே என்ன வேலை என்று. கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொல்லப்போவது புரியாது.

மாஞ்சோலைக்குப் பஸ் ஏறியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஏற்றத்தில் பஸ் நின்றுவிட்டால், ஒருவர் கீழே குதித்துச் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கட்டை வைப்பார். பஸ் நிற்கும் என்று தெரிந்து யாரும் அதை ஓட்டுவதில்லை. நின்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஓர் ஆளை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புரோகிராமிலும் அதே ஏற்பாடு. இந்த வேலையை முயன்று பார் என்பது ட்ரை. முடியாவிட்டால் கோளாறை மேலே எறி என்பது த்ரோ. எறிந்ததைப் பிடித்து, ஆகவேண்டியதைச் செய்ய நிற்கும் ஆள் கேட்ச். அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்தால், எது வந்தாலும் பிடி, என்ன ஏது என்று கேட்காதே என்று பொருள். அதன் பிறகு வரும் அடைப்பு காலியாக இருந்தால், பிடித்தவர் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்கிறார். பஸ் போய்க்கொண்டேயிருக்கும். யாராவது கீழே விழுந்திருந்தாலும் தெரியாது.

இன்னொன்று. செண்பகம் அந்தப் புரோகிராமில் 'கூலியாள்' என்று ஒரு கிளாஸ் எழுதியிருந்தாள். கிளாஸ் என்பது அச்சு மாதிரி. ஒரு வரியைக் கொடுத்தால் அந்த அச்சில் ஓர் ஆள் உருவாவார்: எண், பெயர், வேலை நேரம், கூலி. வரியில் கோளாறு இருந்தால் அந்த ஆள் உருவாகவே மாட்டார். பாதி ஆள் என்று ஒருவர் கிடையாது.

வரும்போது அந்தப் புரோகிராமை ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தேன். செண்பகம் போனில் சொல்லச் சொல்ல, மூட்டைக் கணக்கை மணிக் கணக்காக மாற்றினேன். மாதச் சம்பளம் அதில்தான் போடுகிறோம். அண்ணாச்சி வழக்கம்போல முதல் வரியில் சுழி போட்டுவிட்டு ஆட்களின் கணக்கை அடிப்பார். நான் ஓட்டி, பட்டியல் எடுத்து, காசாளரிடம் கொடுப்பேன்.

3

அடைக்கலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். உவரிக்காரர். நாற்பது வயதிருக்கும். கட்டுமரத்திலும் பிறகு படகிலும் போனவர், இங்கே கம்பி கட்டும் வேலைக்கு வந்திருக்கிறார். ஊரில் மச்சானோடு கூட்டுச் சேர்ந்து ஃபைபர் படகு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார். மிச்சத்தைச் சொன்ன கெடுவுக்குள் கட்டாவிட்டால் படகும் கிடையாது, முன்பணமும் கிடையாது. வந்த முதல் நாளே என்னிடம் சொன்னார். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருப்பார்.

அவர் வந்து மூன்றாவது சம்பள நாளில் எல்லோரும் காசாளரின் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். அடைக்கலம் நிற்கவில்லை. தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த சிமென்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போய் வாங்கலியா?"

"எனக்கு மூணு மாசம் பிடிச்சு வைக்காவ தம்பி. புது ஆளுக்கு அப்படித்தானாம். இதோட மூணு முடியுது. அடுத்த தடவை மொத்தமா வரும்லா?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னாவ. கேக்கப் போனா சேட்டை பண்ணுதான்னு ஊருக்கு அனுப்பிருவாவன்னும் சொன்னாவ."

சில கம்பெனிகளில் அப்படிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. எங்கள் கம்பெனியில் இல்லை. காசாளரிடம் போனேன். தன்னிடம் வந்த பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை என்றார். ஜன்னலுக்கு வந்து கேட்காத ஆளைப் பற்றி அவரும் விசாரித்ததில்லை.

பட்டியல் நான் எடுத்துக் கொடுப்பது.

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அண்ணாச்சி அடித்த கணக்கில் அடைக்கலம் இருந்தார், முதல் வரியிலேயே. ஆங்கில அகரவரிசையில் அவருக்கு முன்னால் வர இங்கே யாரும் இல்லை. மணிக் கணக்கும் சரியாக இருந்தது. ஓட்டினேன். கத்தவில்லை, சிவக்கவில்லை. பட்டியலில் அடைக்கலம் இல்லை. மறுபடி ஓட்டினேன், பூட்டை இழுத்துப் பார்ப்பது மாதிரி. இல்லை.

4

மறுநாள் வெள்ளிக்கிழமை, விடுமுறை. வெயில் ஏறுவதற்குள் ஒரு போன் கார்டு வாங்கிக்கொண்டு போன் பூத்துக்குப் போனேன். முதலில் எடுத்தது மகள். கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோவதைப் பார்த்துப் பார்த்து, நான் என்பது தீர்ந்துபோகிற ஒரு சாமான் என்று அவள் முடிவுகட்டியிருக்கிறாள்.

"அம்மா, அப்பா வந்திருக்கு. தீர்றதுக்குள்ள வா!"

'வந்திருக்கு.' மிக்ஸியைச் சொல்வது போல. திருத்துவதற்குக் கார்டில் காசு இல்லை.

செண்பகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். எப்போதும்போல முதலில் என்னைத் திட்டினாள். "மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்க. கேட்ச்சுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. நீ எழுதுனபடியேதான் இருக்கு."

கார்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மண்டி முதலாளிக்காக எழுதுனதா? அதை இன்னுமா வச்சிருக்கிய?"

"அது கத்தாம இருந்துச்சு."

"கத்தத்தானே வேணும்! மூணு புள்ளியை எடுங்க. என்ன கோளாறுன்னு அதோட பேரைச் சொல்லிப் பிடிங்க. உள்ள ரெண்டு வரி எழுதுங்க: எந்த வரி, அதுல என்ன இருந்துச்சு. அப்புறம் அங்கனயே நிப்பாட்டுங்க. மேல போகவிடாதிய."

"நின்னுபோச்சுன்னா மேனேஜர் சத்தம் போடுவாரே."

"போடட்டும். ஒரு மனுசனுக்குச் சம்பளம் வரல, நீங்க சத்தத்துக்குப் பயப்படுதிய."

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: "அம்மா, அப்பா தீந்துட்டா?" உண்மையாகவே தீர்ந்துபோனேன்.

சனிக்கிழமை காலை அவள் சொன்னபடி எழுதி ஓட்டினேன். பெட்டி கத்தியது. டவுண் மண்டியில் கேட்ட அதே சத்தம். திரையில் முதல் வரி வந்து நின்றது: யூ, ஒரு கோடு, அதை ஒட்டி அடைக்கலத்தின் எண், பெயர், மணிக் கணக்கு.

எண் வரவேண்டிய இடத்தில் பிள்ளையார் சுழி. மாதாமாதம் பார்த்துப் பழகியதால் என் கண்ணும் அதைத் தாண்டிப் போயிருந்தது. அச்சு அதை எண்ணாக எடுத்துக்கொள்ள மறுத்து மேலே எறிந்திருக்கிறது. காலியான கேட்ச் பிடித்து, சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கிறது. மூன்று மாதமும் கம்ப்யூட்டருக்குள் அடைக்கலம் என்று ஒருவர் பிறக்கவேயில்லை.

5

"சுழியை ஏன் அண்ணாச்சி அவரு வரியிலயே போட்டிய? தனி வரியிலதான போடுவிய?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். மேனேஜர் எகிப்துக்காரர். மூன்று மாதத்துக்கு முன் அண்ணாச்சி அடித்த கணக்கை அச்செடுத்துப் பார்த்துவிட்டு, ஆட்களைவிட ஒரு வரி அதிகமாக இருக்கிறதே, யார் இந்த யூ என்று கேட்டிருக்கிறார். இல்லாத ஆளுக்குச் சம்பளம் போகிறதோ என்று சந்தேகம். அண்ணாச்சிக்குப் பிள்ளையாரை ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை. அரபியில் அதைவிடத் தெரியாது. விடவும் மனம் வரவில்லை. அடுத்த மாதத்திலிருந்து முதல் ஆளின் வரியிலேயே ஓரமாகப் போட்டுவிட்டார். வரி எண்ணிக்கை சரியாக வந்தது. மேனேஜருக்கும் திருப்தி. அந்த மாதம்தான் அடைக்கலம் வந்து சேர்ந்தது.

"சுழி இல்லாம நான் ஒரு கணக்கும் எழுதுனது இல்லடே" என்றார். குரல் இறங்கியிருந்தது. உடனே நிமிர்ந்தார். "ஒண்ணு செய்வோம். பைய மூடிருவோம். இந்த மாசத்துல இருந்து சரியா வரும்லா? பழசுக்கு நீயும் நானும் கைக்காசு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துருவோம். கம்பெனி பிடிச்சது இப்ப வருதுன்னு அவரே நினைச்சுக்கிடுவாரு. மேனேஜர் காதுக்குப் போனா என்னை ஏத்தி அனுப்பிருவான். உன்னையும்தான்."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. யாரும் கத்த மாட்டார்கள். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால், படகுக்காரன் வைத்த கெடுவுக்குள் பணம் ஊர் போய்ச் சேராது என்பது மட்டும் இடித்தது. இரண்டு நாள் முடிவு சொல்லாமல் தள்ளிப்போட்டேன். அண்ணாச்சி பேசுவதைக் குறைத்துக்கொண்டார். ஒரே அறையில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது எப்படி என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடைக்கலமே ஆபீசுக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"தம்பி, ஊருல இருந்து மச்சான் போன் போட்டான். படகுக்காரன் வேற ஆளுக்குக் குடுக்கப் போறேங்கானாம். கெடு இந்த மாசக் கடைசி. மூணு மாசமும் சேத்து நிச்சயமா வரும்லா? வரும்னு நீரு ஒரு வார்த்தை சொன்னா, நான் அவனுக்குச் சொல்லிருவேன்."

பக்கத்து மேசையில் அண்ணாச்சி எழுதுவதை நிறுத்திவிட்டார். வரும் என்று சொல்வது எவ்வளவு சுலபம். நாங்கள் எல்லோரும் சொல்லி வளர்ந்த வார்த்தை அது.

"அண்ணே, உங்களுக்குக் கம்பெனி பிடிச்சு வைக்கல. கம்ப்யூட்டர்ல உங்க பேரு விட்டுப்போச்சு. மூணு மாசமும்."

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. "பிடிக்கலியா?" என்றார். "அப்ப நான் கேட்டிருந்தா..."

"அன்னைக்கே குடுத்திருப்பாவ."

அடைக்கலம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கடலுக்குப் போயி ஒருத்தன்கூட விட்டுப்போயிரப்பிடாதுன்னு, கரைக்கு வந்ததும் தலை எண்ணுவோம் தம்பி" என்றார். "இங்கன யாரும் எண்ண மாட்டாவளா?"

அண்ணாச்சி எழுந்தார். மேல்சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டார். "எழும்பும்வே அடைக்கலம். லே முத்தையா, அந்தக் கணக்குப் பேப்பரை எடு. உனக்கு மேனேஜர்கிட்டப் பேச ஒழுங்கா வராது. எனக்கும் வராது. ரெண்டு பேரும் போனா ஒரு ஆளு மாதிரி இருக்கும்."

6

மேனேஜரிடம் பிள்ளையாரை விளக்கியதைத் தனியாக எழுதவேண்டும். அண்ணாச்சி காகிதத்தில் பெரிதாகச் சுழி போட்டுக்காட்டி, "திஸ் காட், ஃபர்ஸ்ட்" என்றார். நான், "காட் நோ சேலரி" என்று சேர்த்தேன். மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையில் அடித்துக் கத்தினார். அரபியில் கத்தியதால் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதும். ஆனால் விமானம் ஏற்றவில்லை. அண்ணாச்சிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று; எனக்கு அதன் நகல். அந்த எகிப்துக்காரர் அன்றே அடைக்கலத்துக்காகத் தலைமை ஆபீசுக்கு எழுதினார் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

தலைமை ஆபீஸ் தன் வழியில் நடந்தது. மூன்றில் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை உடனே தந்தார்கள். முதல் மாதம் முந்தைய கணக்காண்டில் விழுகிறது. அதை மூடி முத்திரை வைத்தாகிவிட்டது. திறக்க இன்னொருவர் கையெழுத்து வேண்டும். அவர் லீவில் இருக்கிறார். இதைக் கேட்க நான் போகும்போதெல்லாம், "புக்ரா" என்கிறார்கள். நாளைக்கு. டவுண் மண்டியின் வார்த்தையேதான்.

அடைக்கலம் வந்த பணத்தை அனுப்பிவிட்டார். மிச்சத்துக்குப் படகுக்காரன் ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறான். அந்த மாதமும் பாதி ஓடிவிட்டது.

புரோகிராமை மாற்றிவிட்டேன். முதல் வரியைப் பிள்ளையாருக்கே ஒதுக்கியாயிற்று. அதைப் படிக்கக்கூடாது என்று புரோகிராமுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். வேறு எந்த வரி புரியாவிட்டாலும் பெட்டி கத்தி, வரியைக் காட்டி, நின்றுவிடும். எத்தனை வரி போயிற்றோ அத்தனை ஆட்கள் திரும்பி வந்தார்களா என்றும் கடைசியில் எண்ணிப் பார்க்கும். அது அடைக்கலம் சொல்லிக்கொடுத்தது. கத்தும்போதெல்லாம் எனக்கு இன்னமும் தூக்கிவாரிப் போடுகிறது.

யாரும் சொல்லாமல் நானாக ஒன்று சேர்த்தேன். காலையில் புரோகிராமைத் திறந்ததும், வேறெதுவும் கேட்பதற்கு முன்னால், ஒரு செய்தி சிவப்பில் வரும். தலைமை ஆபீசில் அந்தக் கையெழுத்து விழும்வரை வந்துகொண்டேயிருக்கும். முதல் நாள் அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "முதல் போணியிலயே கடனைச் சொல்லுதேலே" என்றார். எடுத்துவிடவா என்று கேட்டேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இருக்கட்டும்டே" என்றார்.

இன்று காலையும் வந்தது: அடைக்கலம், ஒரு மாதச் சம்பளம், பாக்கி அறுநூற்று ஐம்பது திர்ஹம்.